ஒத்துக்கொள்ளாதவன்

முத்தையாபுரம்,
9.8.2025

அன்புள்ள விக்டருக்கு,

முத்துச்செல்வம் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பேச்சித்தாயும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. மாமனார் ஜாமீன் கொடுத்து என்னை வெளியே எடுக்கும்வரை பன்னிரண்டு நாள் உன்னோடு அதே அறையில் கிடந்தவன் நான். உன் காலுக்கு என் தலை, என் காலுக்கு உன் தலை. அங்கே சுகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

என் வழக்கு ஒன்றாம் தேதி முடிந்துவிட்டது. "குடோனில் செம்புக்கம்பியை எடுத்தீங்களா?" என்று ஜட்ஜம்மா கேட்டார். "ஆமாம்மா" என்றேன். ஐயாயிரத்துக்கு உட்பட்ட பொருள், அதுவும் உரியவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, என் மேல் இதற்குமுன் வழக்கு எதுவும் இல்லை. அதனால் புதுச் சட்டப்படி எனக்கு ஜெயில் கிடையாது, சமூக சேவைதான். "ஜெயில்ல ஏற்கெனவே இடமில்ல. உங்களையும் அங்க அடைச்சு வச்சு யாருக்கு லாபம்? ஊருக்கு வேலை செய்யுங்க" என்றார். அரசு ஆஸ்பத்திரியில் அறுபது நாள், தினமும் காலையில் நாலு மணி நேரம்.

முதல் நாள் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். சீட்டு வாங்கும் வரிசைக்கு முன்னால் பெருக்க வேண்டும். வரிசையில் எங்கள் தெரு ஆட்களே நாலு பேர். "என்னலே முத்து, லாரி ஓட்டுதத விட்டுட்டு இங்கன சேந்துட்டியா?" என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்திக்கு விஷயம் தெரியும்போல, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜெயிலிலாவது யாரும் பார்க்கவில்லை. இங்கே ஊரே பார்க்கிறது.

இருந்தாலும் சொல்கிறேன், வெளிக்காற்று வெளிக்காற்றுதான். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் லாரி ஓட்டப் போகிறேன். வீட்டுச் சோறு சாப்பிடுகிறேன். உனக்கும் இதே தண்டனை கிடைக்கும் என்று நம் இலவச சட்ட உதவி வக்கீல் செல்வராணி மேடம் உறுதியாகச் சொல்கிறார். "எடுத்தேன்" என்று நீயும் சொல்லிவிடு. ஒரே ஒரு வார்த்தைதானே விக்டர்.

உன் நண்பன்,
முத்துச்செல்வம்


மாவட்டச் சிறை,
17.8.2025

அன்புள்ள முத்துவுக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கப்போகும் தபால் பிரிவு ஐயாவுக்கும் என் வணக்கம். அவர் நல்லவர். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "ஒன் கூட்டாளி நல்லா எழுதுதான்ல" என்று பாராட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

நீ போன பிறகு நம் அறைக்குப் பத்துப் பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். முப்பது பேருக்குக் கட்டிய அறையில் இப்போது எழுபத்திரண்டு பேர். முறை வைத்துத் தூங்குகிறோம். எனக்கு விடியற்காலை முறை. கக்கூஸுக்கு நிற்கும் வரிசையில் இரண்டு பேரோடு நன்றாகப் பழகிவிட்டேன், அவ்வளவு நேரம் நிற்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எழுபத்திரண்டு பேரில் தண்டனை வாங்கியவன் ஒருத்தன்கூட இல்லை. எல்லாருக்கும் வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாதிப் பேருக்கு என்னைப்போலவே ஜாமீனும் கிடைத்துவிட்டது. வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட இரண்டு ஆள் இல்லாததால் உள்ளேயே இருக்கிறார்கள்.

எனக்கும் யார் இருக்கிறார்கள்? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா மஸ்கட்டில். மாதா கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் தேர்வடம் பிடித்தவன், இந்த வருடம் கொடியேற்றத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நீ கேட்ட ஒரு வார்த்தையைப் பற்றி. செல்வராணி மேடமும் வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். நல்ல சட்டம்தான் முத்து, குறை சொல்லமாட்டேன். எடுத்தவன் ஊருக்கு வேலை செய்துவிட்டுப் போவது, இங்கே எழுபத்துமூன்றாவது ஆளாகப் படுத்துக் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது எடுத்தவனுக்கு. நான் எடுக்கவில்லை. எடுக்காதவன் எடுத்தேன் என்று சொல்லித்தான் வெளியே வரவேண்டும் என்றால், நான் இங்கேயே என் முறை வரும்போது தூங்கிக்கொள்கிறேன்.

ஒரு உதவி. உங்கள் வீடு பேச்சித்தாய் பேரில்தானே இருக்கிறது? அவளும் உன் மாமனாரும் எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவார்களா என்று கேள். நான் எங்கும் ஓடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்புடன்,
விக்டர்


முத்தையாபுரம்,
28.8.2025

அன்புள்ள விக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பனியன், சோப்பு, பிஸ்கட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று எழுது.

எனக்குத் துடைப்பத்திலிருந்து பதவி உயர்வு. இப்போது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன். பிரேமா சிஸ்டர் என்று ஒரு நர்ஸ், எங்கள் வார்டுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். முதல் வாரம் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஒரு நாள் உப்பளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த ஒரு அம்மாவைத் தூக்க வேண்டியிருந்தது. லாரியில் கண்ணாடிப் பெட்டி ஏற்றிய பழக்கத்தில் நாலு பேரை நிறுத்தி, "ஒரே மூச்சுல தூக்கணும்" என்று சொல்லித் தூக்க வைத்தேன். அந்த அம்மா முனகக்கூட இல்லை. அன்றிலிருந்து சிஸ்டர், "முத்து அண்ணாச்சி எங்க?" என்று தேடுகிறார்.

ஜாமீன் விஷயம். பேச்சித்தாயிடம் பேசினேன். மாட்டேன் என்கிறாள். மாமனாரும் அப்படியே. பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கோர்ட்டு, கையெழுத்து என்றாலே பயம், உனக்குத் தெரியாததா? இன்னொரு சமயம் பார்த்துக் கேட்கிறேன்.

நீ கோபப்படாமல் கேட்டால் ஒன்று சொல்வேன். உனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிவாதம். இன்னும் எத்தனை நாள் அங்கே கிடப்பாய்? உண்மை பொய் எல்லாம் கடவுளுக்குத் தெரியும். கோர்ட்டுக்கு ஒரு பதில், அவ்வளவுதான். அறுபது நாள் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. எனக்கு இருபத்தைந்து நாள் போய்விட்டது பார்.

அன்புடன்,
முத்துச்செல்வம்


மாவட்டச் சிறை,
8.9.2025

முத்துவுக்கு,

இன்று மாதா பிறந்த நாள். கோபமாக எழுதக்கூடாது என்று ஜெபம் செய்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செல்வராணி மேடம் என் ஜாமீனுக்காக நேரே உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பேச்சித்தாய் பயப்படவில்லையாம். வாசலிலேயே நிறுத்திச் சத்தம் போட்டிருக்கிறாள். "எம் புருசன் ஒரு பாவமும் அறியாதவரு. அந்த விக்டர் சொல்லித்தான் கம்பிய எடுத்தாரு. அவனுக்கு நான் ஜாமீன் குடுக்கணுமாக்கும்!"

அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ சொன்னதைத்தானே அவள் நம்புவாள்.

ஜூலை மூன்றாம் தேதியை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். குடோனில் என் சரக்குக் கணக்கு ஷிப்டு முடிந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் என்று உன் லாரியில் ஏறினேன். ஆறு வருடமாக ஏறுகிற வண்டி. கேட்டில் செக்யூரிட்டி உன் சீட்டுக்கு அடியிலிருந்து கம்பிச் சுருளை இழுத்தபோது உன்னைவிட அதிகமாகத் திடுக்கிட்டவன் நான். "யாருலே எடுத்தது?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். ஸ்டேஷனில் "நாங்கள் இருவரும் சேர்ந்து" என்று எழுதிக் கொண்டுவந்த பேப்பரில் நீ கையெழுத்துப் போட்டாய். நான் போடவில்லை. பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறான், நாளைக்குச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் என் காலடியில் படுத்திருந்தும் நீ சொல்லவில்லை. வெளியே போய்ச் சொல்லுவாய் என்று நினைத்தேன். வெளியே போய் இப்படிச் சொல்லியிருக்கிறாய்.

உன்னிடம் பிச்சை கேட்கவில்லை. வழக்கை நடத்துவேன். என்றைக்கானாலும் எடுக்கவில்லை என்று சொல்லித்தான் வெளியே வருவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிஸ்கட்டும் சோப்பும் இனி வேண்டாம். எழுதுவதாக இருந்தால் நடந்ததை எழுது. தபால் பிரிவு ஐயாவும் படிப்பார் என்று தெரிந்தே எழுது. இல்லையென்றால் எழுதாதே.

விக்டர் மச்சாது


முத்தையாபுரம்,
21.9.2025

விக்டர்,

அன்புள்ள என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், படிக்கிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும். செம்புக்கம்பியை எடுத்தவன் முத்துச்செல்வமாகிய நான். நான் மட்டும். விக்டருக்கு அது தெரியாது.

ஏன் எடுத்தாய் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் இல்லை. வீட்டில் கஷ்டமும் இல்லை. கேட்பாரற்றுக் கிடந்தது, எடுத்தேன். மாட்டியபோது தனியாக மாட்டப் பயமாக இருந்தது. நீ பக்கத்தில் இருந்தாய். அவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை, கேட்டில் நம்மைப் பிடித்த அதே செக்யூரிட்டி, டூவீலரிலிருந்து விழுந்த அவர் அம்மாவைக் கொண்டுவந்தார். நான்தான் ஸ்ட்ரெச்சரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு தோளைத் தட்டினார்.

"முத்து, தப்பு செஞ்சாலும் ஒத்துக்கிட்ட பாரு, அதுக்கு ஒரு மனசு வேணும்லே. அந்த விக்டர் இன்னும் எடுக்கலன்னே சாதிக்கானாமே. அவந்தான் அசல் களவாணி."

பிரேமா சிஸ்டரும் கூடவே வந்துகொண்டிருந்தார். "அண்ணாச்சி அப்படித்தான், உண்மையான ஆளு" என்றார்.

ஐம்பது நாளாக என்னைப் பார்த்து ஊர் சிரித்ததையெல்லாம் தாங்கிக்கொண்டேன் விக்டர். இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. கால் நின்றுவிட்டது. "அண்ணாச்சி, அவன் எடுக்கல. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் எடுத்துட்டு அவனையும் மாட்டி விட்டுட்டேன்" என்று சொன்னேன். மெதுவாகச் சொல்வதாக நினைத்தேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் முகம் முதல் வாரத்து முகமாக மாறிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் இருந்த அம்மாதான், "யாரு எடுத்தா என்னலே, என்னைய மொதல்ல உள்ள தள்ளுங்க" என்று அதட்டினாள்.

வீட்டுக்குப் போய்ப் பேச்சித்தாயிடம் சொன்னேன். உப்புப் பாக்கெட் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்த மனுசன் ஒண்ணுமே செய்யலியா?"

"செய்யல."

"எத்தன நாளா உள்ள இருக்காரு?"

"எழுவத்தெட்டு."

"எழுவத்தெட்டு நாளா எவ்வளவு ஏசியிருக்கேன்! வக்கீலம்மாவ வாசல்ல நிறுத்தி வச்சு ஏசினேனே. என் நாக்கையும் சேத்துல்லா பாவத்துல முக்கிட்டீக."

நேற்றுக் காலையில் பார்த்தால் வீட்டு வரி ரசீதையும் ஆதார் கார்டையும் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கோர்ட்டு திங்கட்கிழமைதான் என்றேன். "தெரியும். இன்னைக்கு எங்கப்பாவக் கூப்புடப் போறேன்" என்றாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒரு நாள் கொறஞ்சாலும் ஜட்ஜம்மா கேப்பாக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செல்வராணி மேடத்தையும் பார்த்தேன். உன் வழக்கில் சாட்சி சொல்கிறேன் என்றேன். "கோர்ட்டுல ஏன் அப்பவே சொல்லலன்னு கேப்பாங்க. உங்க மேல நடவடிக்கை வராதுன்னு நான் உறுதி தரமுடியாது" என்றார். வந்தால் வரட்டும். தெரிந்துதான் சொல்கிறேன்.

முத்துச்செல்வம்


மாவட்டச் சிறை,
25.9.2025

முத்துவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். ஜாமீன் ஏற்றுக்கொண்டார்கள். நாளையோ மறுநாளோ வெளியே வந்துவிடுவேன்.

பேச்சித்தாய் நேற்று மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர், இந்தப் பக்கம் ஐம்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற இடம் அது. அந்தச் சத்தத்திலும் அவள் குரல் எனக்குக் கேட்டது. "அண்ணே, நான் ஏசினதெல்லாம் திருப்பி எடுத்துக்கிடுதேன். அவருக்காவ மன்னிப்புக் கேக்க வரல. அத அவரே கேக்கட்டும்." இதைச் சொல்வதற்காகவே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

நான் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். நீயும் வரவேண்டாம். உன் போன் நம்பரையும் அழித்துவிடப் போகிறேன். சாட்சி சொல்லும் நாளில் கோர்ட்டில் பார்க்கலாம்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது தபால் பிரிவு ஐயா எழுந்து நின்றார்.

விக்டர்


முத்தையாபுரம்,
14.11.2025

அன்புள்ள விக்டருக்கு,

நேற்று முன்தினம் ஜட்ஜம்மா உன்னை விடுதலை செய்ததும் நீ செல்வராணி மேடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வெயிலில் இறங்கி வேகமாகப் போய்விட்டாய். கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை. வேறு யார் போனிலிருந்தாவது உன்னிடம் பேசியிருக்கலாம். பேசினால் வழக்கம்போல மழுப்பிவிடுவேன். எழுதினால் மழுப்ப முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். "இதை ஏன் முதலிலேயே சொல்லல?" என்று ஜட்ஜம்மா கேட்டார். "பயம்மா. தனியா மாட்டிக்கிடக் கூடாதுன்னு அவனையும் பிடிச்சுக்கிட்டேன்" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். என் மேல் வேறு நடவடிக்கை எடுக்கச் சொல்லவில்லை.

என் அறுபது நாளும் போன மாதமே முடிந்துவிட்டது. கடைசி நாள் பிரேமா சிஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை, முத்து என்றார். அதுவே போதும். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி வழியாகத் தண்ணீர் லாரி ஓட்டிப் போகும்போது தலையைக் குனிவதில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு விக்டர். அதோடு இன்னொன்று. ஒரு பழைய லாரி குத்தகைக்கு வருகிறது. நானும் நீயும் சேர்ந்து எடுக்கலாமா? உன்னைப்போல் சரக்குத் தெரிந்தவன் இந்த ஹார்பரில் இல்லை. பழையபடி ஒரே வண்டியில் போகலாம் என்று ஆசைப்படுகிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
முத்துச்செல்வம்


தூத்துக்குடி,
19.11.2025

அன்புள்ள முத்துவுக்கு,

நலம். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளுக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். குடோன்காரர்களும் திரும்பக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூப்பிட்டார்களே, அது போதும்.

முதலில் மன்னிப்பு. அது நீ கேட்பதற்கு முன்பே கொடுத்தாயிற்று. எப்போது என்று கேட்டால், அக்டோபர் ஒன்றாம் தேதி. ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உன்னைப் பார்ப்பதற்காகவே வந்தேன். உனக்குத் தெரியாது. மருந்து வாங்குகிற கூட்டத்தில் நின்றுகொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். யாரும் உன்னிடம் பேசவில்லை. நீ ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வாசல் மேட்டில் குலுங்காமல் பின்பக்கமாக இறக்கிக்கொண்டிருந்தாய். என்னோடு உள்ளேயே நீ இருந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்போம். நீயும் தண்டனையை அனுபவித்தாயிற்று என்று மனசை ஆற்றிக்கொண்டிருப்பாய். ஊர் உன்னைத் தினமும் பார்த்ததில்தான் உன்னால் ஒளிய முடியாமல் போனது. அன்றைக்கே என் கோபம் இறங்கிவிட்டது.

அடுத்தது லாரி. அதற்கு என் பதில், இல்லை. உன் வண்டியில் நான் ஏறமாட்டேன். ஏறினால் ஒவ்வொரு கேட்டிலும் உன் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டே கூட்டாளியாக இருக்க முடியாது. உனக்கும் அது அவமானம், எனக்கும் அவமானம். வேறு நல்ல ஆளாகப் பார்த்து அந்த லாரியை எடு. நன்றாக ஓட்டுவாய்.

இன்னொரு விஷயத்துக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஜெயிலில் என் அறையில் சுடலைராஜ் என்று ஒருவர், சாத்தான்குளம் பக்கம். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு அடிதடி வழக்கு. ஜாமீன் கிடைத்து நாலு மாதம் ஆகிறது. கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இன்னும் உள்ளேயே கிடக்கிறார். அப்பாவின் வீடு இப்போது என் பேருக்கு மாறிவிட்டது, அதனால் நான் ஒரு ஜாமீன் போடுகிறேன். இன்னொரு ஆளுக்குப் பேச்சித்தாயிடம் கேட்டேன். "என்னைக்கு வரணும்ணே?" என்று மட்டும்தான் கேட்டாள்.

வருகிற திங்கட்கிழமை காலை பதினோரு மணி. அவளைக் கூட்டிக்கொண்டு வரப்போவது நீதான். நீ உள்ளே வரவேண்டாம், கோர்ட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் இரு. கையெழுத்து முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருவோம். நான் உன் எதிரிலேயே உட்காருவேன்.

அன்றைக்குக் கேட்டில் நீ பேசாமல் நின்றாய். ஆகையால் திங்கட்கிழமை முதலில் பேச வேண்டியவன் நீ. நான் காத்திருப்பேன், எவ்வளவு நேரமானாலும்.

அன்புடன்,
விக்டர்